எண்பது டிகிரி

கடைசி பஃப்ஸ் தட்டு வெளியே வந்ததும்
அடுப்பை எண்பதுக்கு இறக்கச் சொன்னேன்.
"எண்பதுல எதுவும் வேகாதேம்மா" என்றார்
ஓட்டேரி பேக்கரி கலீலுல்லா.
வேக வேண்டாம், இளகினால் போதும்.
வெண்ணெய்த்தாள் விரித்து
பன் அடுக்கும் தட்டில் வைத்தேன்
இரண்டு ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டுகளை.

வாங்கியதில்லை. டிஸ்கித் விட்டுப்போனது.
எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் நர்ஸ்,
லே பக்கத்துக்காரி.
இந்த ஊர் மே மாதத்தை
அடம்பிடிக்கும் நோயாளியைப் போலப்
பொறுமையாகப் பார்த்துக்கொண்டாள்.
போகும்போது அட்டைப்பெட்டியைத் தந்து
"உங்க ஊர்லயும் கொஞ்சம் ஐஸ் இருக்கே" என்றாள்.
இருக்கிறது. ஒரு மாலின் அடித்தளத்தில்,
கல்யாண மண்டபத்துப் பந்தி அறை அளவுக்கு.
செவ்வாய் இரவு பத்துக்கு மேல் எட்டுப் பேர் ஆடுகிறோம்.
ஓரத்தில் எப்போதும் தண்ணீர்.

எட்டுக் குளிர்காலம் உழைத்த ஜோடி.
உள்ளே அவள் கால் இன்னும் இருந்தது:
சின்னக் கிண்ணமாய்க் குதிகால்,
பெருவிரல் பதித்த பள்ளம்,
இடப்பக்கம் சாய்ந்த தேய்மானம்.
என்னுடையது எக்ஸ்ரே எடுக்கிறவள் கால்,
நின்று நின்று பரந்தது.

எளிய வழியெல்லாம் பார்த்தாயிற்று.
மெழுகு தடவிய லேஸ்.
பெரியமேட்டில் வெட்டி வாங்கிய உள்ளடி.
கணுக்கால் எலும்பில் சாந்து தொட்டு
காயுமுன் காலை நுழைத்து உருவினேன்.
பூட்டுக்குள் பொட்டு விழுந்த இடத்தை
இடுக்கியால் வெளியே தள்ளிக்கொடுத்தார் தேசிங்கு,
"செருப்புக்குப் பொட்டு வச்ச மொத ஆளு நீதான்."
துருவேறிய ரிவெட் நாலும் மாற்றினார்.
அப்படியும் திரும்பும்போதெல்லாம்
குதிகால் எழும்பியது,
பஸ் படியில் கழலும் செருப்பு மாதிரி.

ஆகவே அடுப்பு.

ஆறு நிமிடம். துணி பிடித்து எடுத்தார்.
பட்டர் பிஸ்கட் மணம், அடியில் பழைய வியர்வை.
நுழைத்தேன். நுரை சூடாக, மெத்தென்று
ஒன்றும் கேட்காமல் இடம் விட்டது.
குதிகாலைப் பின்னால் இரண்டு தட்டு,
கீழிருந்து மேலாக லேஸ்.
இனிப் பதினைந்து நிமிடம்
எழக்கூடாது, நடக்கக்கூடாது.
நைட்டிமேல் துண்டு போட்டு ரொட்டி வாங்க வந்தவள்
கத்தி முளைத்த என் கால்களைப் பார்த்துவிட்டு
"ஸ்லைஸ் போட்டதா?" என்றாள் கலீலுல்லாவிடம்.

பத்தாவது நிமிடம் போன் அதிர்ந்தது.
டிஸ்கித்தின் குரல். பின்னால் ஒரு நாய்,
பனியைக் கீறும் பிளேடுகள்.
"பொண்ணுங்க டீம் சேர்ந்திருக்கு இங்க.
புது ஸ்கேட் கடிக்குது, ரத்தம்.
அந்தப் பழசு இருக்கா, போட்டுட்டியா?
இருந்தா பார்சல் பண்ணு.
என் காலுக்கு அதைத்தான் தெரியும்."

ஐந்து நிமிடம் இருந்தது.
நுரை இன்னும் இளக்கமாக,
யார் பக்கம் என்று முடிவெடுக்காமல்.
இப்போது அவிழ்த்தால்
பாதி அவளாக, பாதி நானாக இறுகும்.
விரல்களை அசைத்துப் பார்த்தேன்.
நல்லவளாக இருக்க ஐந்து நிமிடம் தாராளம்.
லேஸை இன்னும் ஒரு கண் இறுக்கினேன்.

செவ்வாயன்று குதிகால் எழவே இல்லை.
சுவருக்கு ஒரு சாண் முன்னால்
முதல் தடவையாக நின்றேன்.
"புதுசா?" என்றான் கோல் காக்கும் புரூனோ.
பழசு என்றேன்.

அவளுக்கு எழுதினேன்:
போன மாதமே சூடாக்கி
என் காலுக்கு மாற்றிவிட்டேன், மன்னித்துக்கொள்.
அழும் முகம் ஒன்று வந்தது,
சற்றுப் பொறுத்து ஒரு கட்டைவிரல்.

இந்த நுரை இன்னும் ஒரு சூடு தாங்குமாம்.
அதை எழுதவில்லை.